மாப்பிள்ளை ஜாதகம் போட்டால் மூடிக்கொள்ளும் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை அப்டேட்டிலிருந்து நான் பல வருடங்கள் காப்பாற்றி வந்தேன். அது கேட்கும்போதெல்லாம் "பிறகு" என்று அழுத்திவிடுவேன். காரணம், அதில் இருக்கும் ஜாதக மென்பொருள். சிடியில் வந்த காலத்துச் சரக்கு. எழுதியவர்கள் கடையை மூடிவிட்டார்கள். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணைக் கூப்பிட்டால் இப்போது ஒரு மாவு மில்லில் எடுக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டுதான் என் மனைவி, மயிலாப்பூரில் எங்கள் ஆத்துக் கூடத்தில் உட்கார்ந்தபடி, மேற்கு மாம்பலம் முதல் அடையாறு வரை உறவுக்காரர்களின் கல்யாணங்களை நடத்துகிறாள், அல்லது நிறுத்துகிறாள். சம்பளம் கிடையாது. அதிகாரம் உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த நேரத்தில், திரையை மறைத்துக்கொண்டு அப்டேட் வந்து நின்றிருக்கிறது. அவள் சம்மதம் கொடுத்துவிட்டாள்.

"ஏன் அமுக்கினே?"

"மரியாதையாக் கேட்டது. சரின்னேன். நீங்கோ என்னிக்காவது அப்படிக் கேட்டிருக்கேளா?"

அன்று அவள் உட்கார்ந்ததே எங்கள் பெண்ணுக்காக. பெண் தானாகவே ஒரு பையனைப் பார்த்து வைத்திருந்தாள். அவளோடு வேலை செய்கிறவன், வீடு வேளச்சேரியில். ஜாதகம் பொருந்தினால் மேலே பேசலாம் என்று என் மனைவி பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டிருந்தாள். பையன் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. அவள் பையனின் பிறந்த நாள், நேரம், ஊர் எல்லாம் போட்டு "சேமி" என்று அழுத்தினாள். திரை வெளுத்தது. மென்பொருள் மூடிக்கொண்டது. திரும்பத் திறந்தாள், திரும்பப் போட்டாள், திரும்ப மூடிக்கொண்டது.

"பார்த்தேளா? அதுக்கே பிடிக்கலை."

"அம்மா, இது அப்டேட். அஷ்டமத்துச் சனி இல்ல."

"அப்படின்னா உன் அத்தை பொண்ணு ஜாதகம் மட்டும் எப்படிடீ ஜம்முனு திறக்கறது?"

நியாயமான கேள்வி. எந்தப் பழைய ஜாதகத்தைத் தொட்டாலும் திறந்தது. இந்த ஒருவனுக்குத்தான் செத்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றாள் என் மனைவி. அன்று மாலை பெண் என் அறை வாசலில் வந்து நின்றாள். "அப்பா, எதையாவது பண்ணு. ஒரு அப்டேட்டால எனக்குக் கல்யாணம் நின்னுபோச்சுன்னு நான் வெளியில சொல்லிக்க முடியாது."

என் முறை எளிது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதை எழுத வேண்டும். பிறகுதான் அடுத்தது. மென்பொருளை நீக்கித் திரும்பப் போட்டேன். பழைய சிஸ்டத்தில் ஓடுவதுபோல நடிக்கவைக்கும் ஒரு வசதி இருக்கிறது, அதையும் பார்த்தேன். ஆன்டிவைரஸை நிறுத்தினேன். பலனில்லை. புதன்கிழமை காலை கம்ப்யூட்டரின் நெற்றியில் மூன்று கோடு விபூதி இருந்தது. இன்னொருவர் செய்த மாற்றம் என்றாலும் மாற்றம் மாற்றம்தானே. விபூதியோடு ஒருமுறை, துடைத்துவிட்டு ஒருமுறை சோதித்தேன். வித்தியாசம் இல்லை. அதையும் எழுதிக்கொண்டேன்.

பிறகுதான் புத்தி வந்தது. பையனுடையது ஒன்றுதான் புது ஜாதகம். வேறொரு புது ஜாதகத்தைப் போட்டால்? என்னுடையதையே போட்டேன். செத்தது.

"அது எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள் மனைவி.

அவளுடையதைப் போட்டேன். அதுவும் செத்தது. அவள் பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள். அடுப்பில் பால் இல்லை.

ஆக, குற்றம் பையன்மேல் இல்லை. ஒரு நிரல் செத்துப்போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் ஒரு மரணக்குறிப்பு எழுதி வைக்கிறது. யாரும் படிப்பதில்லை. நான் படித்தேன். எல்லாக் குறிப்பிலும் ஒரே ஃபைலின் பெயர், அது அச்சடிப்பு சம்பந்தப்பட்டது. போய்ப் பார்த்தால், அப்டேட், எங்கள் பழைய பிரிண்டரை அடையாளம் தெரியாமல் பட்டியலிலிருந்தே நீக்கியிருந்தது. இந்த மென்பொருளுக்கு ஒரு வழக்கம். புது ஜாதகத்தைச் சேமிக்கும்போதே அச்சடிக்க வேண்டிய பக்கத்தையும் தயார்செய்துவிடும். காகித அளவைக் கேட்கப் பிரிண்டரைத் தேடுகிறது. பிரிண்டர் இல்லை. உயிரை விடுகிறது. பழைய ஜாதகங்களுக்குப் பக்கம் முன்பே தயாரானதால் அவை தப்பித்தன. நவக்கிரகங்களும் கூடிச் செய்யும் காரியம் காகித அளவில் நின்றுபோயிருந்தது. கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும், காகிதமில்லாமல் பிடிஎஃப் ஆக்கும் பிரிண்டரை முதன்மையாக வைத்தேன். சேமித்தேன். உயிரோடு இருந்தது.

சனிக்கிழமை மூவரும் திரைமுன் உட்கார்ந்தோம். விடை தெரிந்த கணக்கை முதலில் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். அதனால் எங்கள் இருவர் ஜாதகத்தையும் பொருத்தினேன்.

"முடிஞ்சு போனதைப் பார்த்து என்ன ஆகப்போறது?" என்றாள் மனைவி. ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பத்துப் பொருத்தத்தில் நான்கு. தாலி பாக்கியத்துக்கான ரஜ்ஜு இல்லை.

ரஜ்ஜு இல்லையென்றால் மற்ற ஒன்பது இருந்தும் வேண்டாம் என்பது, எத்தனையோ தாய்மார்களுக்கு அவள் சிரித்த முகத்தோடு சொல்லியனுப்பிய சட்டம்.

"நமக்கு எட்டுன்னா சொன்னா" என்றேன்.

"ஜோசியர் எட்டுன்னு சொன்னாராம்."

"யார்ட்ட சொன்னார்?"

"அப்பாகிட்ட." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "அப்பாதான் வந்து சொன்னார்."

தன் அப்பாவுக்கு என்னிடம் என்ன பிடித்துத் தொலைத்தது என்று அவள் யோசித்திருக்க வேண்டும். பெண் சிரிப்பை அடக்கத் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். அடுத்து அவளுடையதையும் பையனுடையதையும் போட்டேன். அவள் சிரிப்பு நின்றது. பத்தில் ஆறு. ரஜ்ஜு இல்லை.

பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மாட்டிக்கொண்டாள்.

"இந்த அப்டேட்டுக்கு அப்புறம் இது கணக்கை ஒழுங்காப் போடறதான்னு யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். அன்று காலைதான் அவள் முன்பு பொருத்திப் பார்த்துச் சேமித்திருந்த ஜோடிகளில் சிலதைத் திரும்பப் போட்டுச் சரிபார்த்திருந்தேன். ஒன்றும் மாறவில்லை. பெண் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த வேளைச் சாப்பாடு மட்டுமல்ல, நிறைய விஷயங்கள் போய்விடும் என்று அந்தப் பார்வை சொன்னது.

"பழைய மென்பொருள்தானே" என்றேன். அது பொய் இல்லை.

"அதான். அவா வரட்டும். ஆறு நல்ல நம்பர்தான்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் ஆயிற்று. பையன் கை கழுவிவிட்டு வரும்போது கூடத்து மூலையில் கம்ப்யூட்டரைப் பார்த்து நின்றான். நெற்றியில் புதிதாக மூன்று கோடு இருந்தது.

"மாமி, இந்த வெர்ஷனையா இன்னும் வச்சிருக்கீங்க? இதுக்கு நல்ல ஆப் எல்லாம் வந்துடுச்சு. ரொம்பத் துல்லியமாப் போடும். இப்பவே ஏத்தித் தரட்டுமா?"

"வேண்டாம்" என்றோம் நாங்கள் மூவரும். என் பெண்ணின் குரல்தான் பலமாகக் கேட்டது.