உறைக்கு மேல் குத்திய இயர்போன்

அன்று எங்கள் புந்தோங் வீட்டில் நான், மனைவி, பக்கத்து வீட்டு ரெங்கசாமி அண்ணன் மூன்று பேரும் இருந்தோம். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் பேசிப் பதிந்து அனுப்பிய கேசட்டை, புது கேசட் பெட்டியில் போட்டு, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய மலிவு இயர்போனில் கேட்டேன். ஒரு சொல்லும் பிடிபடவில்லை, நோயாளி முனகுவது போலிருந்தது. பேட்டரியை மாற்றினேன், வயரை முறுக்கினேன். அதே முனகல்தான். மகனுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்துபோய் சிங்கப்பூர் போகத் துணிமணியை எடுத்து வைத்தேன்.

"கடுதாசி ரெண்டு நாள் லேட்டானாலே இவரு சாப்பிட மாட்டாருண்ணே!" என்று மனைவி எரிந்து விழுந்தாள்.

அண்ணன் கேசட் பெட்டியை வாங்கிப் பார்த்தார். "இயர்போன பிளாஸ்டிக் உறைக்கு மேலயே குத்தியிருக்கியே, எப்படி முழுசா உள்ள போகும் லா?"

புதுப் பெட்டியில் தூசு படக் கூடாதென்று நானே தைத்துப் போட்ட உறை! அதைக் கழற்றிவிட்டு அழுத்திச் சொருகினேன்.

"அப்பா, நான் நல்லா இருக்கேன். சும்மா பயந்துகிட்டே இருக்காதீங்க" என்றான் மகன், தெளிவாக.

இப்போதெல்லாம் முதலில் உறையைக் கழற்றுகிறேன். அப்புறம்தான் பயப்படுகிறேன்.