டாலாவின் இருபத்திரண்டாவது எருமை

2004 தை மாதம், காலை ஏழு மணி. யாங்கூனின் கியாக்டடா பகுதியில், பாய் கடைத் தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். சுவரில் ஒரு படம். புல்வெளியில் எருமை, முதுகில் ஒற்றைக் கொக்கு. அதன் மூச்சு என் கன்னத்தில் படுவதுபோல் இருந்தது.

"நம்ம மா செல்வி வரைஞ்சது. ஆத்துக்கு அக்கரையில, டாலாவுல அவங்க அப்பா மாட்டுப்பண்ணையில இருக்காங்க. இன்னைக்கே போங்க, மத்தியானம் மாடெல்லாம் போயிரும்" என்றார் பாய்.

எட்டு மணிப் படகில் வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு டாலர். பத்தே நிமிடத்தில் அக்கரை. பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கா என்ற மிதிவண்டியில் இரண்டு மைல் போனேன். அறுத்த வயல்கள் தீர்ந்து புல்வெளி தொடங்கியது. அதுபாட்டுக்கு வானம்வரை போனது. நூறு நூறாகக் கொக்குகள் எழுந்தபோது வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

குளக்கரையில் தாளும் கரியுமாக, கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசிய நாற்பது வயதுப் பெண். அவள்தான் மா செல்வி; 'மா' என்பது பர்மாவில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்.

"அப்பாவுக்கு முடியல, பண்ணைய வித்துட்டாங்க அண்ணே. இருவத்தி ரெண்டுல இருவத்தொண்ணு வரைஞ்சுட்டேன். இவன் நிக்கவே மாட்டேங்கிறான். பன்னெண்டு மணிக்கு இவங்கள ஏத்திட்டுப் போக படகு வருது. வரையாம அனுப்பினா இவன் மொகம் எனக்கு மறந்துரும்."

குளத்தில் நின்ற எருமைக்கடா என்னை முறைத்தது.

"தண்ணி ஊத்துனா நிப்பான். நான் ஊத்துனா யாரு வரையிறது?"

எருமை என்றால் ஊரிலேயே எனக்கு நடுக்கம். இருந்தும் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, தகர டப்பாவோடு இறங்கினேன். இரண்டு மணி நேரம் ஊற்றினேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. கடா கண்ணை மூடி நின்றது. அவள் முதலில் வரைந்தது மூக்கின் ஈரத்தை. அங்கிருந்து முகம், கழுத்து, முதுகு என்று உயிர் ஏறிக்கொண்டே போனது. இப்படி ஒரு கையை நான் எங்கும் கண்டதில்லை.

பன்னிரண்டுக்குப் பண்ணையை ஒட்டிய கால்வாயில் சரக்குப் படகு வந்தது. மற்ற மாடுகளோடு கடாவும் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

படத்தில் முதுகில் தண்ணீர் வழிந்தது, ஊற்றியவனைக் காணோம்.

"நான் எங்கேம்மா? அவ்வளவு ஊத்தினேனே" என்று சீண்டினேன்.

"போறவங்களத்தான் அண்ணே வரைவேன்."

மூன்று மணிக்குத் துறைவரை வழியனுப்ப வந்தாள். படகு சங்கு ஊதியது. பலகையில் கால் வைத்தேன்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க."

திரும்பினேன். துறைப் படியில் உட்கார்ந்து, மடியில் புதுத் தாள் விரித்திருந்தாள்.

பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். நான் அசையாமல் நின்றேன். அந்தப் படகு போய்விட்டது.