தள்ளிப்போன ஆபரேஷன்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, என் தங்கை பாக்கியம் பிறந்ததிலிருந்தே ஓடி விளையாடியவள் அல்ல. தாராவியில் எங்கள் சந்துக்குள் நாலு வீடு தாண்டுமுன் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். அவள் நெஞ்சில் கை வைத்தால், பூனை உறுமுவதுபோல் உள்ளே ஏதோ ஓயாமல் அதிரும். அக்கம்பக்கத்தார் கணை நோய் என்றார்கள். மந்திரிக்கச் சொன்னார்கள். அப்பா தோல் கிடங்கு வேலைக்காரர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். சுதந்திரம் வந்த மறு வருஷம், மழைக்காலத்தில், அவள் எழுந்திருக்கவே முடியாமல் படுத்துவிட்டாள். அப்பாவும் நானும் அவளைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் வெகுநேரம் குழல் வைத்துக் கேட்டார். தாயின் வயிற்றில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருதயத்தருகே ஒரு சிறு குழாய் திறந்திருக்குமாம். பிறந்தபின் தானே மூடிக்கொள்ளுமாம். இவளுக்கு மூடவில்லை. நெஞ்சைத் திறந்து அந்தக் குழாயைப் பட்டு நூலால் கட்டவேண்டும் என்றார்.

டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் சொன்னதும் அப்பா என் கையைப் பிடித்தார். "பட்டு நூலா? ஏல, சரியாக் கேட்டியா? நம்ம பிள்ளை நெஞ்சுக்குள்ளயா?"

"ஆமாப்பா."

"இதுக்கு முன்ன யாருக்காவது கட்டியிருக்காராமா?"

டாக்டர் மறைக்கவில்லை. நம் தேசத்தில் இது புது வைத்தியம். தான் செய்தது மிகச் சில. அதில் ஒரு பிள்ளை பிழைக்கவில்லை. கட்டாவிட்டால்? பிழைக்க வழியில்லை என்றார்.

அவளை வார்டில் சேர்த்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை என்று நாள் குறித்தார். அது தவறினால் மறுபடி எப்போது என்று சொல்வதற்கில்லை. "ஆண்டவரே, திங்கட்கிழமை ஒரு தடையும் வரக்கூடாது" என்று அழுது அழுது ஜெபித்தேன். வேறு ஜெபமே என் வாயில் வரவில்லை.

அதற்கு முந்தின நாள் எங்கள் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. ஆராதனை முடிந்து அசனம். எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் அந்தச் சோற்றில் நம் திருநெல்வேலி ஜனங்கள் வைத்திருக்கும் விசுவாசம் உங்களுக்குத் தெரியும். வியாதிக்காரருக்கு ஒரு வாயாவது கொண்டுபோய் ஊட்டுவார்கள்.

திங்கட்கிழமை காலை, பாக்கியத்தை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டி வந்துவிட்டது. நர்ஸ் குனிந்து, "குச் காயா, பேட்டி?", ஏதாவது சாப்பிட்டாயா மகளே, என்று கேட்டாள்.

தாராவிப் பிள்ளை, ஹிந்தியிலேயே பதில் சொன்னாள். "தோடா சாவல். அம்மா நே தியா."

கொஞ்சம் சோறு. அம்மா தந்தது.

"வெறும் வயித்துல இருக்கணும்னு பையன் தலைபாடா அடிச்சுக்கிட்டானே, உன் காதுல ஏறலையா?" என்று அப்பா கத்தினார்.

"மத்த சோத்தத்தான வேண்டாம்னாவ! விடியக்காலம் ஒரு வாய்தான் ஊட்டுனேன், இது அசனச் சோறுல்லா?" என்றாள் அம்மா.

மயக்க மருந்து கொடுத்தால் வாந்தி வந்து நுரையீரலில் இறங்கிவிடும், இன்று முடியாது என்று டாக்டர் போய்விட்டார். வண்டி திரும்பியது. நான் படிக்கட்டில் உட்கார்ந்தேன். ஜெபிக்க வாய் வரவில்லை. தடை வரக்கூடாது என்றுதானே கேட்டேன்? பெற்றவள் கையாலேயே தடை வந்ததே! அம்மாவோடு நான் பேசவில்லை. அவளும் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பாக்கியத்துக்கு விறைத்துக்கொண்டு குளிர் வந்தது. பின்னாலேயே கொதிக்கும் காய்ச்சல். இதோடு போய்விட்டாள் என்றே நினைத்தோம். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். திறந்திருந்த அந்தக் குழாயிலேயே கிருமி குடியேறியிருக்கிறது என்றார். "திங்கட்கிழமையே இருந்திருக்க வேண்டும், நமக்குத் தெரியவில்லை. அன்று நூல் போட்டு இறுக்கியிருந்தால் குழாய் கிழிந்திருக்கும். மேஜையிலேயே போயிருப்பாள்."

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "என் இயேசப்பா" என்றாள். அவ்வளவுதான். நான் கடையில் டீயும் பன்னும் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தேன்.

பெனிசிலின் ஊசி வாரக்கணக்கில் போட்டார்கள். காய்ச்சல் விட்டது. ரத்தம் சுத்தமானது. மறுபடி நாள் குறித்தபோது எனக்கு ஜெபிக்கவே பயமாயிருந்தது. "உமது சித்தம்" என்று மட்டும் சொன்னேன். அன்று ஆபரேஷன் அறைக் கதவு திறப்பதற்குள் எங்கள் மூவருக்கும் உயிர் போய் வந்தது. டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்து, "கட்டியாயிற்று" என்றார். அப்பா அவர் காலில் விழப்போனார். அவர் பிடித்துக்கொண்டார்.

கண் விழித்த பாக்கியம் மெதுவாகச் சொன்னாள். "எண்ணே, உள்ள ஒண்ணு கத்திக்கிட்டே கெடந்துச்சுல்லா? அது ஒறங்கிட்டு."

இப்போது என் தங்கை பள்ளிக்கூடம் போகிறாள். ஸ்தோத்திரம்! தேவனுக்கு நாளும் நேரமும் குறித்துக் கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். ஞாயிறு மத்தியானங்களில் அதே வார்டுக்குப் போய், பாஷை தெரியாமல் தவிக்கும் நம் ஜனங்களுக்காக டாக்டர்களிடம் பேசுகிறேன். உங்களில் யார் வீட்டிலாவது பிள்ளை மூச்சு வாங்குகிறதா, உதடு நீலம் பாரிக்கிறதா? கணை என்று மூடி வைக்காதீர்கள். ஜெபம் ஒன்றே போதும் என்று வீட்டில் கிடத்திவிடவும் வேண்டாம். என்னிடம் வாருங்கள். முழங்காலில் நின்று சேர்ந்து கேட்போம். எழுந்து சேர்ந்து டிராம் ஏறுவோம்.