வாசலில் நிற்காத வண்டி

ஆம்புலன்ஸில் முதலுதவி செய்யும் அந்தப் பெண்ணுக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்திருந்த பெயர் ஜெல்லக்கா. வயிற்றில் ஸ்கேன் வைக்குமுன் தடவுகிற ஜெல் எப்போதும் சில்லென்று இருக்கும். அடிபட்டவனோ ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பான். அதனால் அந்த பாட்டிலைச் சீருடைக்குள் இடுப்போடு செருகிச் சூடாக வைத்திருப்பது அவள் வழக்கம். "புருஷனைக்கூட இப்படி இடுப்புல முடிஞ்சு வச்சிருக்க மாட்டாங்க" என்று டிரைவர் கிண்டல் செய்வான். அவள் சிரித்துக்கொள்வாள். புருஷன் எங்கோ ஓடிப்போனபோது மகளுக்கு நடக்கக்கூட வராது என்பது அவனுக்குத் தெரியாது.

அந்த ஒரே மகளை வளர்த்து ஆளாக்கியதுதான் அவள் வாழ்க்கை. பக்கத்து வீட்டுக் கட்டிலில் தூங்கவைத்துவிட்டு வேலைக்குப் போவாள். விடிந்து வந்து தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவாள். மகள் இப்போது ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். போன வருஷம்தான் கல்யாணம். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக், கூச்ச சுபாவம். மாமியார் எதிரில் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான்.

வண்டியில் அவர்களுக்குக் கொடுத்திருந்த ஸ்கேன் கருவி உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான். ஒயரின் மறுமுனையைப் போனில் செருகினால் திரையில் படம் வரும். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து சேர்ந்திருந்தால் அங்கே கறுப்பாகத் தெரியும். கறுப்பு தெரிந்தால், ஆபரேஷன் செய்ய ஆளிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தெரியாவிட்டால்? இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். கொஞ்சமாகக் கசியும்போது எந்தக் கருவிக்கும் அது அகப்படாது. அதனால் அந்த வண்டிகளில் ஒரு வார்த்தைக்குத் தடை இருந்தது. சொந்தக்காரர்கள் எப்படிக் கெஞ்சினாலும் 'ரத்தம் இல்லை' என்று சொல்லக் கூடாது. 'பார்த்துக்கிட்டே இருக்கோம்' என்றுதான் சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான்.

அன்று மத்தியானம் ரவுண்டானா ஓரம் பைக் சறுக்கி ஒருவர் விழுந்துவிட்டதாகத் தகவல் வந்தது. கூட்டத்தை விலக்கிப் பார்த்தாள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தவன் அவள் மாப்பிள்ளை.

"ஒண்ணும் இல்ல அத்தை" என்று எழப் பார்த்தான். "லேசா சறுக்கிடுச்சு. நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நல்லா கேட்டீங்க போங்க! விருந்துக்கா வந்தேன்? டூட்டிக்கு வந்தேன். பேசாம படுங்க."

ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்தியிருந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் வண்டி கிளம்பியது. ஸ்கேன் எடுப்பதற்காக வண்டி ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது என்பது இன்னொரு விதி. ஓடுகிற வண்டியில்தான் பார்க்க வேண்டும்.

"சட்டையைத் தூக்குங்க மாப்பிள்ளை."

"வேணாம் அத்தை. அந்த அண்ணனைப் பார்க்கச் சொல்லுங்களேன்."

"அப்ப வண்டிய நீங்க ஓட்டறீங்களா சார்?" என்றான் முன்னாலிருந்து டிரைவர். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முழுசாக பிரேக் போடுகிறவன் என்பதால் அவனுக்கு ராக்கெட் என்று பெயர்.

மாப்பிள்ளை காது சிவக்க முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் வலது விலா, இடது விலா, அடிவயிறு, நெஞ்சுக்குழி என்று ஒவ்வொரு இடமாகக் கருவியை வைத்துப் பார்த்தாள். எங்கும் சாம்பல் நிறம். கறுப்பு இல்லை. நாடியும் ஒழுங்காக இருந்தது.

அப்போதுதான் மகளின் அழைப்பு வந்தது. சாலையில் நின்ற யாரோ மாப்பிள்ளை போனிலிருந்து அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"அம்மா! அவருக்கு வயித்துல அடியாமே! உள்ள ரத்தமா? சொல்லும்மா... உள்ள ரத்தமா?"

அந்த அழுகை! காய்ச்சலில் கிடந்த குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வாசலைத் தாண்டிய நாட்களில் முதுகுக்குப் பின்னால் கேட்ட அதே அழுகை. எத்தனையோ பேரிடம் கல்லாக நின்ற வாய், பெற்ற மகளிடம் உருகிவிட்டது.

"இல்லடி கண்ணு. ஸ்கேன் பார்த்துட்டேன். ரத்தம் இல்ல. அழாத."

கண்ணாடியில் ராக்கெட் அவளை ஒரு தடவை பார்த்தான்.

"அப்ப எங்க பல் ஆஸ்பத்திரிக்கு எதிர்ல இருக்கிற ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வாம்மா. நான் வாசல்லயே நிக்கிறேன்."

சின்ன ஆஸ்பத்திரி அது. ஆபரேஷன் செய்யும் டாக்டர் சாயங்காலம்தான் வருவார். ஆனால் படம் சுத்தமாக இருந்தால் அங்கே போகலாம் என்று விதியே சொல்கிறது. கன்ட்ரோல் ரூம் டாக்டரும் போனில் சரி என்றார். "ஆனா கண்ணை எடுக்காதீங்க" என்றார்.

பாதி வழியில் மாப்பிள்ளை முனகினான். "அத்தை, தோள் வலிக்குது."

"எந்தத் தோள்?"

"இடது."

தோளில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. உள்ளே கசியும் ரத்தம் விலாவுக்கடியில் போய் உறுத்தினால் வலி தோளில் தெரியும். நெற்றியைத் தொட்டாள். ஈரம். நாடி குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஊசி வழியாக மருந்து ஏற்ற வழி செய்துவிட்டு, ரத்தம் மேல்வயிற்றுப் பக்கம் வந்து சேரட்டும் என்று ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி மறுபடியும் சட்டையைத் தூக்கினாள். இந்தத் தடவை அவன் தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. வெட்கப்படக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது அந்தப் பிள்ளை.

எந்தப் பக்கம் கசிந்தாலும் ரத்தம் வந்து தேங்குகிற இடம் வலது விலாவுக்கடியில்தான். அங்கே கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில், நகத்திடுக்கில் ஒட்டிய அழுக்கு போல மெல்லியதாக ஒரு கறுப்புக் கோடு. கருவியை எடுத்து மறுபடி வைத்தாள். கோடு அங்கேயே இருந்தது.

"ராக்கெட், நிறுத்தாத. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ."

"அக்கா... பாப்பா வாசல்ல நிக்குமே?"

"போடா!"

ஆயுசில் அவள் அவனை 'டா' போட்டதில்லை. சைரன் அலறியது. வேகத்தடைகளை அவன் மறந்தான்.

சின்ன ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் பாதை. வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். வண்டியைக் கண்டதும் கையைத் தூக்கிக்கொண்டு சாலைக்கே இறங்கினாள். வண்டி நிற்கவில்லை. பின்பக்கக் கண்ணாடி வழியே தாய் பார்த்தாள். தூக்கிய கை தூக்கியபடியே இருக்க, மகள் சிறிதாகிக்கொண்டே போனாள்.

படத்தைக் கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்பியிருந்ததால் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருந்தது. சர்ஜன் வாசலிலேயே நின்றார். ஸ்ட்ரெச்சர் எங்கும் நிற்காமல் உள்ளே போய்க் கதவு மூடியது.

மகள் ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். அவள் அழவில்லை. அதுதான் தாய்க்குத் தாங்க முடியவில்லை.

"இல்லைன்னு சொன்ன."

"சொன்னேன்."

"வேலை பண்ற இடத்துல எல்லார்கிட்டயும் அவருக்கு ஒண்ணுமில்லையாம்னு சொல்லிட்டு வந்தேன். சிரிச்சிக்கிட்டு நின்னேம்மா அங்க. வண்டி நிக்காம போனதும் நான் என்ன நினைச்சேன் தெரியுமா? முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன்."

தாய் அவள் கையைப் பிடிக்கப் போனாள். மகள் கையை இழுத்துக்கொண்டாள்.

"வேற யார் வீட்டுப் பொண்ணாவது கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"பார்த்துக்கிட்டே இருக்கோம்னு."

"எனக்கு மட்டும் ஏம்மா அதைச் சொல்லல?"

"நீ அழுத."

"மத்தவங்க அழமாட்டாங்களா? இனிமே நீ நல்லா இருக்குன்னு சொன்னா நான் எப்படி நம்பறது?"

இருவரும் நடுவில் ஒரு நாற்காலியை விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பொழுது சாய்ந்த பிறகு சர்ஜன் வந்தார். "மண்ணீரல் கிழிஞ்சிருந்துச்சு, எடுத்துட்டோம். நிறைய ரத்தம் போயிருக்கு. ஆனா நேரத்துக்கு வந்துட்டார். ரெண்டு நாள் பார்க்கணும்."

"பிழைச்சிடுவாரா டாக்டர்?" என்று மகள் அவரிடம் கேட்டாள். அவர் போனதும் உதவி டாக்டரிடம் கேட்டாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிடம்கூடக் கேட்டாள். பக்கத்தில் நின்ற அம்மாவிடம் கேட்கவில்லை.

தீவிர சிகிச்சை அறைக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி. மகள் போனாள். தாய் கதவுக் கண்ணாடியில் முகம் வைத்து நின்றாள். மாப்பிள்ளையின் தலைமாட்டில் இருந்த திரையை அங்கிருந்தே படித்தாள். நாடி நிதானத்துக்கு வந்திருந்தது. ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. கும்பிட்டுக்கொண்டாள்.

திடீரென்று திரையில் ஏதோ கீச்சிட்டது. மகள் திடுக்கிட்டு அதைப் பார்த்தாள். புரியாமல் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். ஒயர் நழுவியிருக்கிறது, பயப்படாதே என்று தாய் கையை ஆட்டினாள், தலையை ஆட்டினாள்.

மகள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நர்ஸிடம் ஓடிப்போய்க் கேட்டாள்.