கடலில் நான் தூக்கிய கை

எனக்கு மூக்கு நுனியில் கோபம். பஸ் கண்டக்டருடன் சண்டை, மீன்காரனுடன் சண்டை, என் கணவரோடு கிழமைக்கு மூன்று சண்டை. ஆனால் அந்த வைகாசி விடுமுறைக்கு முன்பு நான் ஒரு மனிதனை இரத்தம் வர அடித்ததில்லை. அடித்ததைக்கூட விட்டுவிடலாம். அதற்குப் பிறகு என் வாயால் வந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொழும்பிலிருந்து ஐந்து நாள் லீவில் போயிருந்தோம். அத்தான், அதாவது அக்காவின் புருஷன், பனிச்சங்கேணிக்கு இந்தப் பக்கம் ஒரு கரையில் படகு வைத்து வெள்ளைக்காரரைப் பவளப் பாருக்கு, கடலுக்கடியில் பவளப்பாறை வளர்ந்த திட்டுக்கு, கூட்டிப்போகிறவர். "வெளிநாட்டுச் சனமெல்லாம் வந்து பாக்குது. நம்மட ஆக்கள் பாக்கயில்ல எண்டா வெக்கம் மச்சாள், வெளிக்கிட்டு வாங்க" என்று போனில் கத்தியே எங்களை வரவழைத்தார்.

முதல் நாள் செட்டிபாளையத்தில் கண்ணகி அம்மன் சடங்கு. உடுக்கும் சிலம்பும் தலைக்குள் புகுந்து அடிக்க, அம்மன் உரு வந்த ஒருத்தி தன் நெஞ்சில் தானே அறைந்துகொண்டு என் காலடியில் விழுந்தாள். நான் பயந்து பின்னால் போனேன். அடுத்த நாள் வாவியில் தோணியேறிப் பாய் விரித்து ஓடினோம். காற்றுத் திரும்பியபோது பாய் கட்டியிருந்த கம்பு சுழன்று வந்து என் கணவரின் நெற்றியில் விட்டது ஒரு அடி. முட்டைபோலப் புடைத்துவிட்டது. "இருந்த கண்டம் இதோட கழிஞ்சுது" என்று சிரித்தார் அவர்.

மூன்றாம் நாள் காலை பாருக்குப் போனோம். என் கணவர் முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு, காலில் நீந்துகிற ரப்பர் செட்டைகளோடு குதித்துவிட்டார். நான் இறங்கவில்லை. நான் கரடியனாற்றில் பிறந்தவள். வட்டையில், அதாவது வயல்வெளியில், பாய்ச்சிய கணுக்கால் தண்ணீர்தான் எனக்குத் தெரிந்த ஆழம். அத்தான் படகின் பின்பக்கம் குனிந்து எஞ்சின் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் தள்ளி ஒரு சிறு தோணி நின்றது. அதில் இருந்தவன் போட்டிருந்த சேட்டைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினான். எங்கள் ஊரில் தூரத்து வரம்பில் நின்று ஒருவர் துணியை வீசினால், கண்டுவிட்டேன், சுகமாயிருக்கிறேன் என்று கையைத் தூக்கிக் காட்டவேண்டும். காட்டாதவளைப் பெருமை பிடித்தவள் என்பார்கள். நானும் கையைத் தூக்கினேன். நன்றாக உயர்த்தி ஆட்டினேன். அந்நேரம் தோணிக்கு மறைவாக, எங்கள் படகின் இந்தப் பக்கம் என் கணவர் தண்ணீருக்கு மேலே தலையெடுத்து, குழாயிலிருந்த நீரை ஊதித் தள்ளிவிட்டு மறுபடி குப்புறக் கவிழ்ந்தார்.

தோணிக்காரன் எதையோ எறிந்தான். மீனுக்கு இரை போடுகிறான் என்று நினைத்தேன். அடுத்த கணம் படகின் அடிப்பலகை என் உள்ளங்காலை உதைத்தது. கடல் ஓரிடத்தில் வெள்ளையாகப் பொங்கி எழுந்து என் முகத்தில் அறைந்தது.

"வெடி! ஐயோ, வெடி போட்டுட்டான்!" என்று கத்திக்கொண்டு அத்தான் நிமிர்ந்தார். டைனமைட். மீன்கள் வயிறு மேலே தெரிய நூற்றுக்கணக்கில் மிதந்தன. அவற்றுக்கு நடுவே என் கணவரின் முதுகும் மிதந்தது. அசையவில்லை.

வெடி போட்டவன் ஓடித் தப்பியிருக்கலாம். ஓடவில்லை. அத்தான் தண்ணீரில் குதிப்பதற்கு முன்பே நீந்தி வந்து, அவரைப் புரட்டி முகத்தைத் தூக்கிப் பிடித்தவன் அவன்தான். இரண்டு காதிலிருந்தும் மூக்கிலிருந்தும் இரத்தம் கொட்டியது. "மூச்சிரிக்கு, மூச்சிரிக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எங்கள் படகிலேயே ஏறி, கரை வரும்வரை அவருடைய தலையைத் தன் மடியில் வைத்திருந்தான்.

கரையில் அவரை மணலில் கிடத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வான் பிடித்துவர ஆள் அனுப்பினோம். வான் வருவதற்குள் நடந்ததெல்லாம் பத்து நிமிடம்தான். தொடங்கியவள் நான். அவர் காலில் மிஞ்சியிருந்த ஒரு செட்டையை உருவி அவன் முகத்தில் அறைந்தேன். அவன் உதடு பிளந்தது. "நாசமாப் போவானே!" என்று கத்திக் கத்தி அறைந்தேன். அவன் தடுக்கக்கூட இல்லை. பிறகு கரைச் சனம் சேர்ந்துகொண்டது. வயிற்றில் உதைத்தார்கள், தலைமயிரைப் பிடித்து மணலில் தேய்த்தார்கள். ஈரத்துணியைக் கல்லில் துவைக்கிற சத்தம்தான் கேட்டது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது, அதை மறைக்கமாட்டேன்.

அத்தான் துடுப்போடு வந்தார். "வெடி எறிஞ்ச கைய முறிக்காம விடமாட்டன். அவன்ட கையப் பிடிங்கடா!"

அப்போதுதான் அவன் வாய் திறந்தான். வாயெல்லாம் இரத்தம். "அண்ணன், நான் சேட்டக் கழட்டிக் காட்டினன். கீழ ஆள் இரிந்தா மறிக்கட்டும் எண்டுதான் காட்டினன். இந்தப் புள்ள கையத் தூக்கிச்சு. ஆளில்ல, போடு எண்டு சொல்லுது எண்டு நினைச்சிட்டன்."

துடுப்பு அந்தரத்தில் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"மச்சாள், நீங்க கையக் காட்டினீங்களா?"

அதற்குள் அவனுடைய மனைவி எங்கிருந்தோ ஓடிவந்து என் இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டாள். "தங்கச்சி, கண்ணகி அம்மாள்ட கோயில் கதவு திறந்திரிக்கிற கிழமகா. உண்மையச் சொல்லு. ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா விட்டிருவாங்க. அந்தக் கை இல்லாட்டி எங்களுக்குச் சோறில்லகா."

ஓம் என்று சொன்னால், மணலில் கிடந்து முனகுகிற என் கணவரை அப்படிக் கிடத்தியவள் நான். அத்தான் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவர் கண் விழித்தால் என்ன சொல்வது? என் கையில் இன்னும் அந்தச் செட்டை இருந்தது. அதன் நுனியில் அவன் இரத்தம்.

"இல்ல" என்றேன். "நான் ஒருத்தருக்கும் கை காட்டயில்ல."

அவள் என் காலை விட்டாள். திட்டவில்லை, மண் அள்ளித் தூற்றவுமில்லை. இரண்டு பேர் அவனுடைய வலக்கையைப் படகின் விளிம்பில் வைத்து அழுத்தினார்கள். துடுப்பு மூன்று தரம் இறங்கியது. மூன்றாவது தரம் காய்ந்த கொள்ளி முறிகிற சத்தம் கேட்டது. அவன் அலறியபோதும் என்னைத்தான் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில், இரண்டு செவிப்பறையும் கிழிந்துவிட்டன, உயிருக்கு ஆபத்தில்லை, ஒரு காது ஒருவேளை திரும்பக் கேட்கும் என்றார் டாக்டர். மறுநாள் பின்னேரம் என் கணவருக்கு நினைவு தெளிந்தது. பார்க்க வருகிறவர்களின் நேரம். வார்டு நிறையச் சனம். மூன்று கட்டில் தள்ளி, கையில் மாவுக்கட்டோடு அவன் இருந்தான். மனைவி சோற்றைப் பிசைந்து அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பார்க்காதபடி கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அத்தான் என் பக்கத்தில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

கட்டிலில் கிடந்த என் கணவர் என் கையைப் பிடித்தார். தன் குரல் தனக்கே கேட்காததால் வார்டே அதிரக் கத்தினார்.

"நீ படகில நிண்டு ஆருக்குக் கையக் காட்டினாய்? எனக்கெண்டு நினைச்சுத் தண்ணிக்குள்ள நானும் கையை ஆட்டினன்!"

அத்தான் கையிலிருந்த பழம் அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் பேச்சுச் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நான் திரும்பினேன். அவள் சோற்றுக் கையோடு எழுந்து நின்றிருந்தாள். நான் வாயைத் திறந்து ஏதோ சொன்னேன், காற்றுத்தான் வந்தது.

அவர் என் உதட்டையே பார்த்துவிட்டு மறுபடி கத்தினார்.

"எனக்குக் கேக்குதில்ல. உரத்துச் சொல்லு."