கொலம்பியாக்காரன் சாவுக்கு எங்கள் கோயில் மணி

அந்த யோசனை எனக்கு ஒரு கொய்யாப்பழ வண்டிக்குப் பக்கத்தில் வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து, கோயில் கேட்டுக்கு வெளியே நின்று மிளகாய்த்தூள் தடவிய கொய்யாவைத் தின்றுகொண்டிருந்தேன். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் குடும்பம் குடும்பமாக நின்று பேசுவார்கள். அந்த நேரத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் கொய்யா.

திடீரென்று மணி அடித்தது. ஆராதனைக்குக் கூப்பிடுகிற வேகமான அடி இல்லை. ஓர் அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஓர் அடி. துக்க மணி. சபையில் யாராவது இறந்துபோனால் இப்படித்தான் அடிப்பார்கள்.

கொய்யா வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தினார். "யாரும்மா? பெரியவங்களா?" என்றார். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவர் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, "யாருப்பா போய்ட்டாங்க?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார். ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த ஒரு முக்காடு போட்ட அம்மா வண்டியை ஓரம் கட்டி அதையே கேட்டார். இவர்களில் ஒருவர்கூட எங்கள் சபைக்காரர் இல்லை. மணி அடித்தால் யார் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

எனக்கு அங்கேயே பளிச்சென்றது. கொலம்பியாவில் ஒரு மனிதனைச் சுட்டுக் கொன்று சில வாரங்கள் ஆகியிருந்தன. அவனைப் பற்றி இந்த ஊரில் ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நான் அலைந்துகொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. மணி அடித்தால் கேட்பார்கள்.

இது புரிய வேண்டுமென்றால் என் வேலையைச் சொல்ல வேண்டும். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஸ்பானிய மொழி பேசுகிற வாடிக்கையாளர்களின் போன்களை எடுப்பவள் நான். ஓட்டலில் ரூம் கிடைக்கவில்லை, விமானத்தில் பெட்டி வரவில்லை என்று நாள் முழுக்க யாராவது என் காதில் கோபப்படுவார்கள். சாயங்காலம் கம்பெனி வேன் ஈஜிபுராவில் இறக்கிவிடும். மாடியில் ஒற்றை அறை. கீழ்வீட்டில் டிவி ஓடும். அதற்குப் பிறகு காலை வரை என்னிடம் பேச ஆள் கிடையாது.

எங்கள் திருச்சபையின் இளைஞர் பிரிவில், வெளிநாட்டு லுத்தரன் சபைகளோடு சமாதானம், மனித உரிமை பற்றி மாதாமாதம் ஆன்லைனில் கூடுகிறோம், ஸ்பானிய மொழி தெரிந்தவர்கள் வேண்டும் என்று அறிவித்தபோது நான் முழுதாகப் படிப்பதற்குள்ளேயே பெயர் கொடுத்துவிட்டேன். இலட்சியம் ஓரளவு. கோபப்படாமல் பேசுகிறவர்களுக்கு மொழிபெயர்க்கலாமே என்பது மீதி.

அங்கேதான் அக்காவைச் சந்தித்தேன். அக்கா என்பது நான் மனதுக்குள் வைத்துக்கொண்ட பெயர். உண்மைப் பெயரை எழுதக்கூடாது. மலை ஊர் ஒன்றில், நிலத்திலிருந்து துரத்தப்பட்ட விவசாயிகள் திரும்பிப் போய்க் குடியேற உதவுகிற சபை ஊழியர். அவரோடு வேலை செய்தவன்தான் கொல்லப்பட்டவன். கோயிலில் கிட்டார் வாசிப்பான். யாருடைய வாழைத்தோப்பு எந்த ஓடையில் முடிந்தது, எந்தப் பாறைக்கு அப்புறம் யாருடைய காப்பிச் செடி என்று சாட்சி சொல்லக்கூடியவன். அதனால்தான் சுட்டார்கள். அவனுக்கு அடுத்து அதையெல்லாம் தெரிந்தவர் அக்கா. அவருக்கும் போன்கள் வர ஆரம்பித்திருந்தன. எடுத்தால் பேச மாட்டார்களாம். மூச்சுச் சத்தம் மட்டும்.

"ஒரு ஆள் எழுதினா குப்பையில போடுவாங்க. ஒரு சபை எழுதினா, அதுவும் உலகத்தோட இன்னொரு மூலையிலருந்து எழுதினா, யாரோ நம்மளப் பாத்துட்டு இருக்காங்கன்னு இங்க இருக்கவங்களுக்குத் தெரியும். அது தெரிஞ்சா கொஞ்சம் யோசிப்பாங்க" என்றார் அக்கா. அவர் பேசியது ஸ்பானிய மொழிதான். என் காதில் இப்படித்தான் விழுந்தது.

கடிதத்தை ஒரே மூச்சில் எழுதினேன். டில்லியில் இருக்கிற அவர்கள் தூதரகத்துக்கு. எங்கள் சபை இவர்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறது, இவருக்குப் பாதுகாப்புக் கொடுங்கள் என்று. கீழே சபையின் முத்திரை விழ வேண்டும். அதை ஐயரிடம் கொண்டுபோனேன். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் நல்லவர், மூன்று சபைகளுக்கு நடுவில் பைக்கிலேயே வாழ்கிறவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே படித்துவிட்டு, "கமிட்டில வைக்கறேன்மா" என்றார்.

கமிட்டியில் வைத்தார். செயலாளர் ஓய்வுபெற்ற ஆலை அதிகாரி. என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே பேசினார்கள். பிறகு அவரே வந்து சொன்னார்.

"இங்க பாரும்மா. வெளிநாட்டு விவகாரம். நாளைக்கு யாராவது வந்து, உங்களுக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா நான்தான் பதில் சொல்லணும். நீ ரூமக் காலி பண்ணிட்டு வேற ஊருக்குப் போயிடுவ."

"நான் எங்க சார் போகப்போறேன்?"

"இந்த ஐ.டி. பசங்கள நான் பாக்கலயா? ஜெபம் பண்ணிக்கலாம். ஜெபத்துக்கு யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. பேஜார் பண்ணிக்காத."

அடுத்த ஞாயிறு பொது ஜெபத்தில் 'உலக நாடுகளின் சமாதானத்துக்காகவும்' என்று ஒரு வரி வந்து, உடனே மழைக்காகவும் பிள்ளைகளின் பரீட்சைக்காகவும் என்று நகர்ந்தது. ஆமென் சொல்லக்கூட இடம் கிடைக்கவில்லை. அந்த ஞாயிறுதான் கொய்யா வண்டி.

மறுநாளே ஐயரைப் பிடித்தேன். மணி யோசனையைச் சொன்னதும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். முடியாது என்று சொல்ல ஒரு காரணம் தேடுகிறார் என்று தெரிந்தது. கிடைக்கவில்லை போல. "அவன் லுத்தரன்தானே?" என்று கேட்டார். ஆமாம், ஞானஸ்நானம் பெற்றவன், கிட்டார் வாசிப்பவன் என்றேன். "சரி, சனிக்கிழமை பாடகர் குழு வர்றதுக்கு முன்னால. கொஞ்ச நேரம்தான். வாட்ஸப் க்ரூப்ல முன்னாடியே போட்டுடறேன், ஜனங்க பயந்துறக் கூடாது."

போட்டார். நான் பார்த்தேன். தெளிவாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் அதற்கு மேலே ரோஜாப்பூவோடு ஒரு காலை வசனம், கீழே ஒரு பிறந்தநாள், அதற்கு வரிசையாகக் கேக்கும் கைகூப்பலும். சாயங்காலத்துக்குள் ஐயரின் அறிவிப்பு எங்கோ ஆழத்துக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை மணிக்கூண்டுக்குக் கீழே கோயில்பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோயிலைத் திறந்து மூடுவது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான். எதையும் கேலி பண்ணாமல் அவருக்கு வேலை ஓடாது.

"பாடி எப்ப வருது?" என்றார்.

"வராது அண்ணா. அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க."

"வராத பாடிக்கு மணியா? நல்லாருக்கு. சந்தா கட்டியிருக்காரா?"

"அண்ணா..."

"இல்லம்மா, ரூல் சொல்றேன். ரிஜிஸ்டர்ல பேரு இருந்தாத்தான் மணி. இப்ப நீ இருக்க. உங்க ஊர்ச் சபைலருந்து லெட்டர் வாங்கிட்டு வா, இங்க சேத்துடலாம்னு ஐயர் எத்தன தரம் சொன்னாரு? நீ செத்தா உனக்கே அடிக்க முடியாது. கொலம்பியாக்காரனுக்கு அடிக்கறோம் பாரு!"

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அது உண்மை என்று உறைத்தது. இரண்டு வருடமாக வருகிறேன். ஈஜிபுரா அறையில் எனக்கு ஏதாவது ஆனால், கொய்யாக்காரர்கூட யார் என்று கேட்க வாய்ப்பில்லை.

அவர் கயிற்றை இழுத்தார். கீழிருந்து கேட்கும்போது துக்க மணி காதில் விழுவதில்லை, நெஞ்செலும்பில் விழுகிறது. நான் போனில் பதிவு செய்தேன். கேட்டுக்கு வெளியே ஆட்டோக்காரர் தலையைத் திருப்புவது தெரிந்தது. திட்டம் வேலை செய்கிறது என்று குதிக்கத் தோன்றியது, துக்க மணிக்கு நடுவில்.

மணி நின்று கொஞ்ச நேரத்தில் மாதர் சங்கம் வந்துவிட்டது.

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எங்கள் சபையில் துக்க மணி கேட்டால் மாதர் சங்கப் பெண்கள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பாட்டுப் புத்தகத்தோடு கிளம்பிவிடுவார்கள். யார் என்று விசாரிப்பதெல்லாம் கோயிலுக்கு வந்த பிறகுதான். முதலில் பக்கத்துத் தெருக்காரர்கள் வந்தார்கள், அவர்கள் போன் செய்து கூப்பிட்டவர்கள் பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். தலைவி அம்மாவின் கையில் பிளாஸ்டிக் பையில் சம்பங்கி மாலை, ஈரம் சொட்டச் சொட்ட.

"எந்த வீடும்மா? யாரு?" என்றார் என்னிடம்.

அதே கேள்வி. இதற்காகத்தான் எல்லாம் செய்தேன். வேகமாக, மூச்சு விடாமல் சொன்னேன். மலை, வாழைத்தோப்பு, சாட்சி, துப்பாக்கி, அக்கா, மூச்சுச் சத்தம், கடிதம், முத்திரை. சொல்லச் சொல்ல அவர்கள் முகங்கள் மாறின, ஆனால் நான் நினைத்த பக்கம் இல்லை.

"அப்ப நம்ம ஆளுங்க யாரும் இல்லையா?" என்றார் ஒருவர்.

"கொலம்போவா?" என்றார் இன்னொருவர். "அங்க என் நாத்தனார்..."

"கொலம்பியா ஆன்ட்டி. அமெரிக்காவுக்குக் கீழ."

பின்னால் ஒருவர் அழ ஆரம்பித்திருந்தார். "என் வீட்டுக்காரரு காலைல டயாலிசிஸ்க்குப் போனாரு. போன் எடுக்கல. மணி சத்தம் கேட்டு, அவருதான்னு நெனச்சு ஓடி வந்தேன்டி. வெளயாட்டா உனக்கு இதெல்லாம்?" அவர் போனை நீட்டிக் காட்டினார். புருஷனின் பெயர் திரையில் வரிசையாக நிரம்பியிருந்தது. அப்போதே அந்தப் போன் அடித்தது. அவர்தான், டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறாராம். அந்த அம்மா அவரையும் திட்டினார், என்னையும் திட்டினார், பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். தலைவி அம்மா மாலையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். "துக்கத்துக்குன்னு கிளம்பி வந்தாச்சு. பாடாம, ஜெபம் பண்ணாமத் திரும்பக் கூடாது. அது நம்ம வழக்கம் இல்ல" என்றார். மாலையைக் கயிற்றுக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினார். அவர்கள் ஒரு அடக்கப் பாட்டைப் பாடினார்கள். இரண்டு மூன்று பேர் சுருதி விட்டார்கள், யாரும் கவலைப்படவில்லை. நான் அதையும் பதிவு செய்தேன். ஜெபத்தில் தலைவி அம்மா, "பேர் தெரியாத அந்த மகனுக்காக" என்றார். அந்த நிமிஷம் அவன் பெயரைச் சொல்லலாமா கூடாதா என்று எனக்கே குழப்பமாகிச் சும்மா இருந்தேன்.

முடிந்ததும் புடவையை உதறிக்கொண்டு, ஆட்டோக்களைப் பங்கு போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். யார் எந்தப் பக்கம், யார் யாரை இறக்கிவிடுவது என்று பெரிய பேச்சு. என்னை யாரும் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. ஏறப்போன தலைவி அம்மா மட்டும் திரும்பி, "மூச்சுச் சத்தம் வருதுன்னியே, அந்தப் பொண்ணு கூட வீட்ல யாரு இருக்கா?" என்றார்.

"யாரும் இல்ல ஆன்ட்டி. தனியாத்தான் இருக்காங்க."

"தனியாவா?" என்றார். ஆட்டோ கிளம்பிவிட்டது.

பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது செயலாளர் போன் செய்தார். இனி அங்கத்தினர் அல்லாதவருக்கு மணி கிடையாது என்று கமிட்டியில் எழுதியே வைக்கப்போவதாகச் சொன்னார். கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். "அதையும் மறந்துடு" என்றார். பொம்மனஹள்ளிப் பக்கம் போகிற கூட்டம் என்னை நெருக்கித் தள்ளியது. அவ்வளவு பேருக்கு நடுவில், சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவனைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பது ஏதோ உடம்புக்கு ஆகாததைத் தின்றுவிட்ட மாதிரி இருந்தது.

ஞாயிறு சாயங்காலம், அங்கே விடிந்திருக்கும்போது, அக்காவைக் கூப்பிட்டேன். மணியையும் பாட்டையும் போட்டுக் காட்டினேன். அவர் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டார்.

"பாடறவங்கள்ளாம் அவனத் தெரிஞ்சவங்களா?"

"இல்ல. தப்பா வந்துட்டாங்க. அவங்க வீட்டுச் சாவுன்னு நெனச்சு."

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "பரவால்ல. தப்பா வந்தாலும் வந்தாங்க இல்ல? இங்க சரியா தெரிஞ்சவங்களே பயந்துட்டு அடக்கத்துக்கு வரல" என்றார். கடிதம் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் தாங்கவில்லை. நானே சொன்னேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தார். அந்த வாரம் மூச்சுச் சத்தப் போன் இரண்டு முறை வந்ததாம்.

போனை வைத்துவிட்டு அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் பெரிதாக நடக்க முடியாது. கமிட்டிக்குப் பயம், சரி. ஆனால் மாதர் சங்கம் கமிட்டிக்குக் கீழ் இல்லை. அவர்களுக்குத் தனிக் கூட்டம் உண்டு, தனிக் கடிதத் தாள் உண்டு, அதில் தலைவியின் கையெழுத்துக்கு மேல் யார் அனுமதியும் தேவையில்லை. இதை ஏன் முதலிலேயே நினைக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

தலைவி அம்மாவின் நம்பரை ஐயரிடம் வாங்கிக் கூப்பிட்டேன். அவர் முதலில் மணி விஷயத்துக்காக நன்றாகத் திட்டினார். பிறகு, "வியாழக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு வா. கொஞ்ச நேரம் தர்றேன். லெக்சர் அடிக்காத" என்றார்.

லெக்சர் கிடையாது. வாழைத்தோப்பையும் தூதரகத்தையும் நான் முதலில் எடுக்கப்போவதில்லை. போனை நடு மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போடுவேன். அக்காவிடம் சொல்லிவிட்டேன், அவர் அடுப்படியிலேயே நிற்பார், இவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வார். வீட்டில் யார் இருக்கிறார்கள், கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, ராத்திரி துணைக்கு யார் என்றுதான் இவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நான் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கம் தமிழும் அந்தப் பக்கம் ஸ்பானிய மொழியுமாகச் சொல்லிக்கொண்டே இருப்பேன். அதற்கப்புறம் கடிதத்தை எடுத்து ஒவ்வொருவரிடமும் கையெழுத்துக் கேட்பேன். டயாலிசிஸ்காரர் மனைவியின் பக்கத்தில் முதலில் கொண்டுபோக எனக்குத் தைரியம் வருமா என்று தெரியவில்லை. அவரிடம்தான் முதலில் போக வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது.

வியாழக்கிழமைக்கு லீவு கேட்டிருக்கிறேன். டீம் லீடர் இன்னும் பதில் போடவில்லை. போடாவிட்டாலும் போவேன்.