ராணியின் முதுகு அகலம்

சுபாங் ஜெயாவில் பார்சல் கொடுக்கப் போன கடையில் சேணங்களின் தோல் வாசம் அடித்தது. கடைக்காரர் ஒன்றின் திருகாணியைத் திருகி அகலமாக்கிக் காட்டினார். விலையும் மலிவுதான்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது கிள்ளானில், கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்ட எங்கள் குதிரை ராணிக்கு அப்பா சேணம் வாங்கியது மாப்பிள்ளைகள் அழகாகத் தெரிவதற்காக. அது அவள் தோளை நெரித்துப் புண்ணாக்கியது. அப்பா அடியில் இன்னொரு மெத்தையைத் திணித்தார்.

"சின்ன சப்பாத்துக்குள்ள ரெண்டு சாக்ஸ் போட்டா வலி போயிடுமாப்பா?"

"வாய மூடு லா. மெத்தைதானடா, சொகமா இருக்கும்."

இன்னும் இறுகியது. கடைசியில் சேணத்தைக் கண்டாலே ராணி நடுங்கினாள். ஒரு லோரி வந்து ஏற்றிப் போனது. எங்கே என்று அப்பா சொல்லவேயில்லை.

"உன் குதிரைக்கு முதுகு எவ்ளோ அகலம் தம்பி?" என்றார் கடைக்காரர், நான் சேணத்தையே தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்து.

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அதே அளவுக்குத் திருகினார்.

"இப்ப சரியா உக்காரும்."